வளைந்து நிற்கும் இத்தாலி விளக்கின் நகல்: ஏழு மாதம் வைத்திருந்த பிறகு எழுதுவது

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், 5க்கு 2. அந்த இரண்டும் வளைவுக்கும் வெளிச்சத்துக்கும். மற்ற மூன்றும் கல்லில் போயின. ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் நீளமாகப் படிக்க வேண்டும், நேரம் இல்லாதவர்கள் இந்த ஒரு வரியோடு போய்விடலாம்: வாங்கும் முன் விளக்கின் அடிக்கல் எத்தனை கிலோ என்று கேளுங்கள், 40க்குக் கீழே சொன்னால் வாங்காதீர்கள்.

வாங்கியது ஆர்க்கோ என்ற இத்தாலிய ஃப்ளோர் லேம்பின் நகல். 23,990 ரூபாய், ஆன்லைனில். கடையின் பெயர் வேண்டாம், பணம் சம்பந்தமாக இன்னும் அவர்களோடு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. படத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும், ஒரு வெள்ளைக் கல், அதிலிருந்து தூண்டில் கம்பு மாதிரி வளைந்து மேலே போகும் ஒரு தண்டு, நுனியில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு ஷேடு. சினிமாவில் பணக்கார வீடு என்று காட்ட வேண்டுமானால் சோபாவுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்துவார்களே, அதுதான்.

எனக்குப் பணக்கார வீடு இல்லை. மண்டைக்காட்டுப் பக்கம் மாமனார் வீட்டில் இருக்கிறோம், பழைய ஓட்டு வீடு, சாப்பாட்டு அறைக்கு மேலே மர மச்சு. மாமாவின் அப்பா காலத்தில் போட்ட பலா மரம், இன்றைக்கும் துடைத்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அதில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, கொக்கி மாட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆகவே சாப்பாட்டு மேஜைக்கு மேலே விளக்கு கிடையாது, சுவரில் ஒரு டியூப்லைட் மட்டும். அதற்கு முதுகு காட்டி உட்காருகிறவன் தன் நிழலிலேயே மீன் முள் எடுக்க வேண்டும். பதினோரு வருடமாக அந்த நாற்காலி எனக்குத்தான்.

இந்த விளக்கு என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் கப்பல். இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். 2017இல் ஜெனோவா துறைமுகத்தில் மூன்று நாள் நின்றோம். ஒரு நாள் விடுப்பு கிடைத்தது, கூட இருந்தவர்கள் கடைத்தெருவுக்குப் போனார்கள், நான் ரயில் ஏறி மிலான் போனேன். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே கோட்டைக்கு எதிரே பியாட்சா காஸ்தெல்லோவில், இந்த விளக்கை வடிவமைத்தவர்களில் ஒருவரான அக்கில்லே காஸ்திலியோனி வேலை பார்த்த ஸ்டுடியோவை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருந்தார்கள். அருங்காட்சியகம் என்றால் நம் மனதில் வருகிற மாதிரி இல்லை, நாலைந்து அறைகள், அலமாரி நிறைய கண்ணாடி, கத்தரிக்கோல், பொம்மை, சுருள் கம்பி என்று தெருவில் அகப்பட்டதெல்லாம் அடுக்கி வைத்திருந்தது. நம் ஊரில் பழைய வயர்மேன் வீட்டுப் பரண் இப்படித்தான் இருக்கும், எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

அங்கேதான் ஆர்க்கோவைக் கிட்டத்தில் பார்த்தேன். 1962இல் அக்கில்லேயும் அவருடைய அண்ணன் பியர் ஜாக்கோமோவும் சேர்ந்து ஃப்ளோஸ் கம்பெனிக்காகச் செய்தது. ஃப்ளோஸ் அப்போதுதான், அதே 1962இல், மெரானோ என்ற மலை ஊரில் தொடங்கிய கம்பெனி. இவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி என் மாமனார் வீட்டுக் கேள்வியேதான்: கூரையில் துளை போடாமல் மேஜைக்கு நேர் மேலே விளக்கு வேண்டும், என்ன செய்வது? பதிலைத் தெருவிளக்கில் கண்டார்கள். தெருவிளக்கு ஓரத்தில் நிற்கிறது, வெளிச்சம் நடு ரோட்டில் விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் தெருவிளக்கைப் பூமியில் புதைக்கலாம், வீட்டில் புதைக்க முடியாது, ஆகவே பாரம் வேண்டும். பாரத்துக்குக் கரார மார்பிள், சுமார் 65 கிலோ.

ஏன் மார்பிள்? பார்க்க ராயலாக இருக்கும் என்பதற்கு இல்லை. காங்கிரீட்டில் செய்தால் அதே எடைக்குக் கட்டி பெரிதாகிவிடும், மார்பிளில் சின்னதாக முடிந்துவிடும், அவர்கள் ஊரில் அது கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் பொருளும்கூட. கல்லின் நடுவில் ஒரு துளை இருக்கிறது. அழகுக்கு என்று நினைத்தேன். வழிகாட்டிய பெண் சொன்னார், துடைப்பக் கம்பை உள்ளே விட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்குவதற்காம். கல்லின் மூலைகளை மழுக்கி வைத்திருப்பது நடக்கும்போது காலில் இடிக்காமல் இருக்க. தண்டு மூன்று துண்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டை நீளவாக்கில் மடித்தது, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நீளும், வயர் அந்த மடிப்புக்குள்ளேயே போகும். ஷேடு இரண்டு பாகம். மேலே துளை துளையாக இருக்கிற சின்னக் குல்லா, அதன் வழியாக பல்பின் சூடு வெளியேறும். அந்தக் குல்லா மேல் ஒரு பெரிய அலுமினிய வளையம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சாய்வில் வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம். முழுசாக இழுத்தால் அடிக்கல்லுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே சுமார் இரண்டு மீட்டர். மேஜையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் முதுகுக்கும் தண்டுக்கும் நடுவில் பரிமாறுகிறவர் தட்டோடு போய்வர வேண்டும் என்று கணக்குப் பண்ணி வைத்த தூரம் அது.

இதைக் கேட்டதும் எனக்குப் பத்மநாபபுரம் அரண்மனை ஞாபகம் வந்தது. வாசல் பூமுகத்தில் தொங்குகிற குதிரை விளக்கைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் காட்டுவார்கள், எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும் என்று. நாங்கள் எல்லோரும் குதிரையைத்தான் பார்த்தோம், அதைச் செய்தவன் பார்த்தது எடையை. நம் குத்துவிளக்கும் அப்படித்தானே, எண்ணெய்த் தட்டு மேலே இருக்கிறது என்பதால் அடி கனமாகவும் அகலமாகவும் இருக்கும். உள்ளே கூடாக வார்த்த பித்தளைக் குத்துவிளக்கை வாங்கிய வீட்டில் கல்யாணத்தன்று யாராவது ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

சரி, இனி என் பெட்டிக்கு வருகிறேன்.

இரண்டு பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன் கல் இருந்த பெட்டியை ஒற்றை ஆளாகத் தோளில் வைத்துத் திண்ணை வரை கொண்டுவந்துவிட்டான். அப்போதே எனக்கு மனதில் ஏதோ இடித்தது. 65 கிலோவை ஒல்லிப் பையன் ஒருவன் தோளில் ஏற்றுகிறானா? பிரித்துப் பார்த்தால் வெள்ளைக் கல், கருப்பு நரம்பு, நல்ல பாலிஷ். டேப் வைத்தேன்: 45 சென்டிமீட்டர் நீளம், 22 அகலம், 15 உயரம். பெருக்கினால் கிட்டத்தட்ட 15 லிட்டர். மார்பிள் ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ வரும், ஆகவே குறைந்தது 40 கிலோ இருக்க வேண்டும். குளியலறைத் தராசில் வைத்தேன். 23. இன்னொரு தடவை வைத்தேன், 23தான். விரலால் தட்டினால் ஓரத்தில் கல் சத்தம், நடுவில் பலாப்பழம் மாதிரி தொம் தொம் என்கிறது. மெல்லிய மார்பிள் பலகைகளை ஒட்டிப் பெட்டியாக்கி, உள்ளே ஏதோ லேசான கலவையை ஊற்றியிருக்கிறார்கள். விளம்பரத்தில் 'இயற்கை மார்பிள் அடி' என்றுதான் எழுதியிருந்தது, பொய் என்று சொல்ல முடியாது, மார்பிள்தான், முக்கால் அங்குலத்துக்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம், திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் வாங்கியவனின் ஆசை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மாட்டிப் பார்த்துவிடுவோமே என்று அன்று சாயங்காலமே பொருத்தினேன். தண்டைப் பாதி இழுத்தபோது நின்றது. வெளிச்சம் மேஜையின் ஓரத்தில் விழுந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முழுசாக இழுத்தேன், நடு மேஜையில் வட்டமாக வெளிச்சம், மாமிகூட எட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு மக்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பத்து நொடி இருக்கும். விழவில்லை, தலை வணங்கியது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு மெதுவாக, பின்பக்கம் கல் எழும்ப எழும்ப முன்பக்கம் ஷேடு இறங்கி நெத்தோலிக் குழம்புச் சட்டிக்குள் போய் உட்கார்ந்தது. பல்பு உடையவில்லை. ஷேடில் ஒரு நெளிவு, இன்றைக்கும் இருக்கிறது. மாமா ஒரு வார்த்தை பேசவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

இது துரதிர்ஷ்டம் இல்லை, கணக்கு. கல்லின் முன் ஓரத்தை நெம்புகோலின் முட்டாக வைத்துக்கொள்ளுங்கள். கல்லின் எடை 23, அதன் நடு அந்த ஓரத்திலிருந்து 22 சென்டிமீட்டர் பின்னால், பெருக்கினால் சுமார் 5. அந்தப் பக்கம் ஷேடும் பல்பும் 2 கிலோ, முழுசாக இழுத்தால் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளி நிற்கிறது, அது 3.5. தண்டு 4 கிலோ, அதன் நடு ஏறத்தாழ 70 சென்டிமீட்டரில், அது 2.8. மொத்தம் 6.3. ஐந்து எப்படி ஆறேகாலைப் பிடித்து வைக்கும்? தண்டைச் சுருக்கினால் மூன்றரை சொச்சத்துக்கு இறங்கிவிடும், நிற்கும், ஆனால் அப்போது தண்டு நாற்காலியை ஒட்டி நிற்கிறது, பின்னால் மாமி சோற்றுப் பானையோடு போக வழி இல்லை, வெளிச்சமும் நடுவில் விழாது. அதாவது எதற்காக இந்த விளக்கைக் கண்டுபிடித்தார்களோ அந்த ஒரு வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இது செய்யும். இதே அளவில் உண்மையாகவே முழு மார்பிள் கட்டியாக இருந்திருந்தால் 40 கிலோ, 8.8, தாராளமாக நின்றிருக்கும். கண்ணுக்குத் தெரிகிறதை எல்லாம் நகல் எடுத்தவர்கள் கண்ணுக்குத் தெரியாத பதினேழு கிலோவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

துளையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேனே. நகலிலும் கல்லில் துளை இருக்கிறது! ஆனால் பக்கவாட்டில் ஓர் அங்குலம் போய் நின்றுவிடுகிறது. மறுபக்கம் வரை போகிற துளை இல்லை, பொம்மைத் துளை. விரலை விட்டால் சிமெண்ட் தட்டுகிறது. எனக்கு அந்த ஒரு இடத்தில்தான் உண்மையாகவே கோபம் வந்தது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஸ்டெயின்லெஸ் என்று போட்ட தண்டில் ஃபிரிட்ஜ் காந்தத்தை வைத்தேன், பச்சக் என்று ஒட்டிக்கொண்டது. இரும்புக் குழாய் மேல் குரோம் பூச்சு. எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒன்றரை கிலோமீட்டர், உப்புக்காற்று கதவுத் தாழ்ப்பாளையே மூன்று வருடத்தில் தின்றுவிடும், நான்காவது மாதமே மூட்டுகளில் செம்புள்ளி கண்டது. குல்லாவில் துளைகள் உண்டு, ஆனால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து அந்தத் துளைகளை அடைத்திருக்கிறார்கள், சூடு போக வழி இல்லை. எல்.ஈ.டி பல்புதானே என்று நினைக்காதீர்கள், எல்.ஈ.டியைக் கொல்வதே சூடுதான். பல்பு ஹோல்டர் மரை வைத்தது, நம் வீடுகளில் இருக்கிற பின் வைத்தது இல்லை, நாகர்கோவிலில் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மரை பல்பு கிடைக்கும், அது பெரிய விஷயம் இல்லை.

வயர்தான் பெரிய விஷயம். உடம்பு முழுக்க இரும்பு, உள்ளே போவது இரண்டு இழை வயர், எர்த் கிடையாது. டெஸ்டரைத் தண்டில் வைத்தால் மங்கலாக மினுக்குகிறது. கழற்றிப் பார்த்தேன், குழாயின் அறுத்த வாயில் பிசிர் எடுக்கவே இல்லை, தண்டை இழுத்துச் சுருக்கும்போதெல்லாம் வயரின் தோல் அதில் உரசுகிறது, ஒரு இடத்தில் பாதிக்கு மேல் சீவிவிட்டிருந்தது. கப்பலில் இப்படி ஒரு வேலையைச் செய்துவைத்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அரம் வைத்து வாயை மழுக்கி, மூன்று இழை வயர் இழுத்து, உரசும் இடத்தில் ஸ்லீவ் போட்டு, மூன்று பின் பிளக்கில் எர்த்தைக் கொடுத்தேன். பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டேன். இதை எல்லோரும் வீட்டில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது, தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். குழந்தைகள் இருக்கிற வீட்டில் எர்த் இல்லாத இரும்பு விளக்கை வைக்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அப்புறம் கல். இதற்குத்தான் மயிலாடி போனேன்.

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகிற பக்கம், ஊர் முழுக்க உளிச் சத்தம். சாமி சிலை, சமாதிக் கல், தூண், அம்மி, எல்லாம் செய்கிறார்கள். ஒரு பட்டறையில் பேப்பரில் வரைந்ததைக் காட்டினேன்: 55 நீளம், 25 அகலம், 18 உயரம், நடுவில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை மம்பட்டிக் கணை (மண்வெட்டிக் காம்பு) நுழைகிற துளை. கருங்கல்லும் எடையில் மார்பிளுக்குக் கிட்டத்தட்ட சமம்தான், இந்த அளவுக்கு 66 கிலோ வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, சாமிக்குப் பீடமா?"

"இல்லப்பா, லைட்டுக்கு."

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன், குழம்புச் சட்டி உட்பட. பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்ப நாலு மூலையையும் மழுக்கிருவோம். ராத்திரி கரண்டு போனா முட்டுல இடிக்கும்லா."

மூலையைப் பற்றி நான் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. மிலானில் கேட்ட விஷயத்தை மயிலாடியில் ஒருவர் தானாகச் சொல்கிறார், அறுபது வருடம் கழித்து. கனமான கல்லோடு தினம் புழங்குகிறவனுக்கு மூலை முதலில் ஞாபகம் வரும் போலிருக்கிறது. துளையை நான் நடுவில் வரைந்திருந்தேன், அவர் இரண்டு விரல் மேலே ஏற்றிவிட்டார், நடுவில் போட்டால் தூக்கும்போது கல் உருளும், மேலே போட்டால் தொங்கும் என்று. அதுவும் சரி. நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கினார், மேல்பக்கம் மட்டும் பாலிஷ், பக்கங்களில் உளி கொத்தியதை அப்படியே விடச் சொன்னேன். லோடு ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு.

வீட்டுக்கு வந்ததும் மம்பட்டிக் கணையைத் துளையில் விட்டு நானும் மச்சினனும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். 66 கிலோ. வாசல்படி, திண்ணை, ரேழி, சாப்பாட்டு அறை, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கல் இரண்டு பேருக்கும் நடுவில் சும்மா ஊஞ்சல் மாதிரி வந்தது. இதே கல்லைத் துளை இல்லாமல் கட்டிப்பிடித்துத் தூக்கியிருந்தால் யாராவது ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொட்டாரம் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். அன்றைக்குத்தான் அந்தத் துளையின் அருமை எனக்குக் கையில் புரிந்தது, மிலானில் காதில்தான் விழுந்திருந்தது.

பொருத்தி, தண்டை முழுசாக இழுத்தேன். 66ஐ 27 சென்டிமீட்டரால் பெருக்கினால் 17.8, எதிர்ப்பக்கம் அதே 6.3, கிட்டத்தட்ட மூன்று மடங்கு. தம்பி மகன் ஷேடைப் பிடித்துத் தொங்கப் பார்த்தான் (வேண்டாம், நீங்கள் சோதிக்காதீர்கள்), தண்டு வளைந்தது, கல் அசையவில்லை. ஏழு மாதமாக அங்கேயே நிற்கிறது. என் நாற்காலியில் நிழல் இல்லை. மாமி பின்னாலேயே போய்வருகிறார்கள். மச்சில் ஒரு ஆணிகூட இல்லை. வெளிச்சத்துக்கு மார்க் கொடுத்தேன் என்றேனே, அது நியாயமான மார்க்தான், ஷேடின் விளிம்பு கண்ணுக்கு நேராக பல்பு தெரியாதபடி மறைக்கிறது, மேஜையில் மட்டும் மஞ்சளாக ஒரு வட்டம், அறையின் மூலைகள் இருட்டு. சாப்பாடு நன்றாக இருக்கிற மாதிரி தெரிகிறது. இது நகல் எடுத்தவர்களின் கெட்டிக்காரத்தனம் இல்லை என்றாலும் கெடுக்காமல் விட்டார்கள்.

உண்மையான பழைய விளக்குகளைத் தேடுகிற நண்பர்கள் இருவர் என்னிடம் கேட்டதால் அதையும் சேர்த்துவிடுகிறேன். ஐம்பது, அறுபதுகளின் இத்தாலிய ஃப்ளோர் லேம்ப் என்றால் ஆர்க்கோ மட்டும் இல்லை, எனக்கு அதைவிடப் பிடித்தது டோயோ, அதே அண்ணன் தம்பி, அதே 1962. காரின் ஹெட்லைட் ஒன்றை எடுத்துக் கம்பி நுனியில் வைத்துவிட்டார்கள். ஹெட்லைட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வேண்டும், டிரான்ஸ்பார்மர் கனமான பொருள், எல்லோரும் அதை எங்காவது ஒளித்து வைப்பார்கள், இவர்கள் அதையே அடிப்பாரமாகத் திறந்து வைத்துவிட்டார்கள். மேலே போகும் வயரைப் பிடித்துக்கொள்வது என்ன தெரியுமா, தூண்டில் கம்பில் நரம்பு ஓடுகிற வளையங்கள். குளச்சல்காரன் யாரும் பார்த்தவுடன் சிரித்துவிடுவான். ஒரு பொருளை வாங்கி வைத்துக்கொள்வதற்கு அது போதும் எனக்கு, ஆனால் விலை போதவில்லை.

அவர்களே 1954இல் செய்த லுமினாத்தோர் இன்னும் எளிது, மூன்று மெல்லிய கால், ஒரு குழாய், குழாயின் உச்சியில் கூரையைப் பார்த்து ஒரு பல்பு, முடிந்தது. அடுத்த வருடம் இத்தாலியின் பெரிய வடிவமைப்புப் பரிசான கொம்பாசோ தோரோ கிடைத்தது. வெளிச்சம் கூரையில் பட்டுத் திரும்பி வர வேண்டும், ஆகவே வெள்ளைக் காங்கிரீட் கூரை இருக்கிற வீட்டுக்கு அருமை, எங்கள் மாதிரி ஓடும் கருத்த மச்சும் இருக்கிற வீட்டுக்குத் தண்டம், மரமே எல்லாவற்றையும் குடித்துவிடும். ஜீனோ சார்ஃபாத்தி என்று ஒருவர், விமானப் பொறியியல் படித்தவர், 1939இல் ஆர்தெலூச்சே என்ற கம்பெனி தொடங்கி அறுநூறுக்கு மேல் விளக்குகள் வடிவமைத்தார், பெயர் வைக்காமல் வெறும் நம்பர்தான் போடுவார். அவருடைய 1063 நம்மூர் டியூப்லைட்டைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தது போல இருக்கும். டியூப்லைட்டைச் சுவரில் படுக்கப்போட்டு அதற்கு முதுகு காட்டிப் பதினோரு வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில், 1954லேயே ஒருவருக்கு அதை எழுப்பி நிறுத்தத் தோன்றியிருக்கிறதே என்று இருந்தது.

மோன்சா ஊரின் அர்ரேதோலூச்சே கம்பெனி செய்த மூன்று கை விளக்கை ட்ரியென்னாலே என்று சொல்லி விற்பார்கள், அதிகமாகப் போலி வருவதும் அதில்தான். கருப்பு நிறத்தில் பூச்சிக்கால் மாதிரி நீண்ட கைகளோடு இன்னொன்றையும் இத்தாலி என்று சொல்லித் தலையில் கட்டுவார்கள், அந்த ஜாடை பெரும்பாலும் செர்ஜ் மூய் என்ற பிரெஞ்சுக்காரருடையது. விற்கிறவனுக்கே நாடு தெரியவில்லை என்றால் அவன் சொல்லும் வருடத்தையும் நம்ப வேண்டாம். ஜோ கொலம்போ என்ற வடிவமைப்பாளர் ஓலூச்சே கம்பெனிக்குச் செய்த கூப்பே 1967, அதுவும் வளைந்த தண்டுதான், அதனால் சிலர் அதையும் ஆர்க்கோ என்றே விற்கிறார்கள். பழையது என்று யாராவது காட்டினால் நான் முதலில் பார்ப்பது வயர், அறுபது வருட வயர் புத்தம் புதிதாக இருந்தால் யார், எப்போது மாற்றியது என்று கேட்கலாம், மாற்றாமல் இருந்தால் எக்காரணம் கொண்டும் பிளக்கில் சொருகாதீர்கள். இரண்டாவது காந்தம். மூன்றாவது எடை. படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், எடையைப் படம் பிடிக்க முடியாது.

நகல் வாங்கினது தப்பில்லையா என்று ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்விதான். சீனாவில் செய்த ஆர்க்கோ நகலை இத்தாலியிலேயே இறக்கி விற்றதற்காக ஃப்ளோஸ் வழக்குப் போட்டு, அது லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் 2011இல் தீர்ப்பு வந்தது, இந்த மாதிரிப் பொருளின் வடிவத்துக்குப் பதிப்புரிமை (காப்பிரைட்) உண்டா என்பதுதான் விவகாரம். என் பென்ஷனில் அசல் வாங்க முடியாது என்பது என் பக்கத்துக் கதை, அது நியாயம் ஆகிவிடாது. ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் எனக்கு விற்றவர்களிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது வளைந்த குழாயும் நெளிந்த ஷேடும் மட்டும்தான். கல் மயிலாடி, வயர் நாகர்கோவில், யோசனை மிலான். 23,990க்கு அந்தக் குழாய் அதிகம். அடுத்த மழைக்காலத்துக்குள் துரு முற்றிவிடும், அப்போது மார்த்தாண்டத்தில் ஸ்டீல் கைப்பிடி வளைக்கிற பட்டறை ஒன்றில் உண்மையான ஸ்டெயின்லெஸில் தண்டு போட்டுக்கொள்ளலாம் என்று விலை கேட்டு வைத்திருக்கிறேன், ஏழாயிரத்துக்குள் சொல்கிறார்கள்.

கடைக்காரர்களிடம் எடை வித்தியாசத்தைத் தராசுப் படத்தோடு அனுப்பினேன். முதல் பதில், 'உங்கள் கருத்துக்கு நன்றி'. இரண்டாவது பதில், அடுத்த கொள்முதலில் பத்து சதவீதம் தள்ளுபடி. மூன்றாவது, அசல் பெட்டியில் வைத்து அனுப்பினால் பரிசீலிப்போம். அசல் பெட்டியில் இப்போது மாமி தேங்காய் போட்டு வைத்திருக்கிறார்கள். பழைய 23 கிலோ கல்லைக் கிணற்றடியில் போட்டோம், துணி துவைக்க வசதியாக இருக்கிறது, ஒட்டு விட ஆரம்பித்து ஒரு பலகை கழன்றுவிட்டது, உள்ளே தெர்மோகோல் உருண்டை கலந்த சிமெண்ட்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டு யாராவது மயிலாடியில் கல் செய்யப் போனால், தூக்கி வைத்த பிறகு கம்பைத் துளையிலிருந்து உருவி எடுத்துவிடுங்கள். நாங்கள் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தோம். மூலையெல்லாம் மழுக்கியும் மாமா இரண்டு தடவை முட்டில் இடித்துக்கொண்டார்.